ஒழுகும் தொட்டியின் ஈ

அது என்னைக் கடித்துவிட்டது, இன்னும் இரண்டொரு நாளில் நான் செத்துவிடுவேன் என்றுதான் முதலில் நம்பினேன். அப்படி நம்பியபோது நான் சின்னப் பையன் இல்லை. கல்யாணமாகி, முன்மண்டையில் முடி கொட்டத் தொடங்கியிருந்த ஆள். விலங்கியலில் முதுகலை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி தாண்டி ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளன். அங்கே நான் நடத்திய பாடம், பூச்சிகளின் வாயுறுப்புகள். கடிக்கிற வாய் எது, உறிஞ்சுகிற வாய் எது, இரண்டுக்கும் உதவாத வாய் எது என்று வண்ணச் சாக்பீஸில் படம் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன், ஒரு காலை வேளையில் இடுப்பில் துண்டோடு குளியலறையிலிருந்து அலறிக்கொண்டு வெளியே ஓடினேன்.

உள்ளே சுவரில் ஒரு கொசு. கால்களை விரித்துக்கொண்டு என் உள்ளங்கை அகலத்துக்கு உட்கார்ந்திருந்தது. என் தோளில் ஒரு தடிப்பு. இரண்டையும் கூட்டிப் பார்த்தேன், விடை வந்துவிட்டது.

ஆவடிக்கும் திருமுல்லைவாயிலுக்கும் நடுவில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ‘இருந்தோம்’ என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, வீடு என் மனைவிக்குக் கொடுத்தது. அவள்தான் ராணுவத்துக்கு உடுப்புத் தைக்கிற இடத்தில் நிரந்தர வேலையில் இருந்தாள். மதுரைப் பக்கத்துக்காரி. பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு தொழிற்சாலையில் கடைசல் மெஷின் ஓட்டுகிறவர், குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர், பிறந்து வளர்ந்தது எல்லாம் அம்பத்தூர். வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் நுரையைத் துப்பினார்.

“இன்னா வாத்யாரே, துண்டு உய்ந்துடப் போவுது. இன்னா ஓட்டம்?”

“கொசு கடிச்சிடுச்சு.”

“அட, இதுக்கா? எனக்குல்லாம் கொசு கடிக்கலன்னாதான் தூக்கமே வராது.”

“இது இவ்வளவு பெரிசு.”

அவர் உள்ளே போய்ப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. “வாத்யாரே, தப்பா நென்ச்சிக்காத. அந்தாண்ட கால்வாயில இன்னா இன்னாத்தையோ தொறந்து உட்றானுங்க. அதக் குட்ச்சி வளந்த கொசுவா இருக்கப் போவுது. எதுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்டு.”

அவ்வளவுதான். எனக்கு நாக்கு வறண்டது, கண் இருட்டியது, இடதுகால் மரத்துப்போனது. கடித்ததாக நான் நினைத்தது வலது தோளில்.

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, தோளைப் பார்த்தாள். “வேர்க்குரு,” என்றாள். பிறகு ஒரு டம்ளரை எடுத்துப் போய் அந்தப் பிராணியின் மேல் கவிழ்த்து, அடியில் பழைய காலண்டர் அட்டையைச் செருகி, என் கையில் கொடுத்தாள். “சாகுறதா இருந்தா எது கடிச்சுச்சுன்னு டாக்டரு கேப்பாருல்ல. கொண்டு போங்க.”

நான் டாக்டரிடம் போகவில்லை, கல்லூரிக்குப் போனேன். பஸ் குலுக்கலில் டம்ளருக்குள் அதற்கு மூன்று கால்கள் கழன்றுவிட்டன. மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்துப் பார்த்தேன். அதற்குக் கடிப்பதற்கு வாயே கிடையாது. கொசுவும் இல்லை. ஆங்கிலத்தில் கிரேன் ஃபிளை என்பார்கள், தமிழில் நாரை ஈ என்று எழுதலாம். கால் நீளம், கொஞ்சம் தொட்டாலும் கால் கழன்று கையோடு வந்துவிடும். யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாது. என் வகுப்பில் வருடா வருடம் கடைசிப் பத்து நிமிடத்தில் ‘இதுவும் ஒன்று உண்டு’ என்று சொல்லித் தாண்டிப் போகிற பூச்சி.

சிறகைப் பார்த்தபோதுதான் இரண்டாவது பயம் பிடித்தது. நுனிக்குச் சற்று உள்ளே, தேநீர் சிந்திக் காய்ந்ததைப் போல ஒரு பழுப்புக் கறை. அதற்குள் சின்னதாக ஒரு வெள்ளை வளையம். நூலகத்தில் ஈக்களைப் பற்றி ஒரு தடித்த பழைய புத்தகம் இருந்தது. அதில் சொன்னபடி ஒவ்வொரு அடையாளமாகத் தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு இடத்தில் வழி நின்றுவிட்டது. அந்த வளையத்தோடு எதுவும் அதில் இல்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடி அதே இடத்தில் நின்றது.

கொரட்டூரில், ஏரிக்கரைப் பக்கம், ஈக்களையே வாழ்நாள் முழுக்கப் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர் இருந்தார். மின்சார ரயிலில் போய் இறங்கி விசாரித்துக் கண்டுபிடித்தேன். இரண்டு கண்ணிலும் புரை. ஈயை மூக்குக்கு அருகே வைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

“நான் பார்த்ததில்ல,” என்றார்.

“அப்போ சார், புது இனமா?”

“இது பொண்ணு. பொண்ண வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இந்தக் குடும்பத்துல ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் தெரியறதே ஆணோட பின்பக்கத்துலதான். அதைத் தனியா எடுத்து, சுத்தம் பண்ணி, ஸ்லைடு போட்டுக் கொண்டாங்க. நான் பார்த்துட்டுச் சொல்றேன், அப்புறம் உக்காந்து விவரணை எழுதலாம்.” நான் வாசல்வரை போனபிறகு கூப்பிட்டார். “சீக்கிரம் கொண்டாங்க. என் கண்ணு உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காது.”

ஆக, ஒரு ஆண் ஈ வேண்டும். அதன் வாலைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டால், உலகத்தில் இதுவரை யாரும் எழுதாத ஒன்றை நான் எழுதுவேன். அதற்கு ஒரு பெயர் வைப்பேன். அந்தப் பெயருக்குப் பின்னால் என் பெயர் நிற்கும். கல்லூரியில் என்னை நிரந்தரமாக்குவார்கள் என்றுகூட நினைத்தேன். ஈக்கு வாய் இல்லாவிட்டால் என்ன, என் வாயில் அவ்வளவு எச்சில் ஊறியது.

எங்கிருந்து வந்ததோ என்று தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. எங்கள் கட்டடங்களுக்குப் பின்னால் செங்கல் தூண்களின் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி. நாங்கள் குடிவருவதற்கு முன்பிருந்தே ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகின தண்ணீர் தூண்களுக்கு நடுவே எழுப்பிய ஒரு பக்கச் சுவர் முழுக்க இறங்கி, பாசி பிடித்து, பச்சைக் கம்பளம் போட்டமாதிரி இருக்கும். தண்ணீர் ஒழுகிப்போவதால் மாடி வீடுகளுக்கு ஏறாது. மாடிக்காரர்கள் எல்லோரும் விடிந்ததும் குடத்தோடு தொட்டிக்குக் கீழே இருக்கிற குழாயில் வரிசை நிற்போம். நாங்கள் இரண்டாவது மாடி. அப்படி ஒருநாள் நின்றபோது சுவரைப் பார்த்தேன். பாசியின் மேல் அவை இருந்தன. நீளக் கால்களை ஊன்றிக்கொண்டு, எழுந்து தாழ்ந்து, எழுந்து தாழ்ந்து, பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடுகிறதைப் போல.

எத்தனையோ வருடம் அந்தச் சுவரை முறைத்துத் திட்டியிருக்கிறேன். அதில் இருந்ததைப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு என் குடம் நிரம்பி வழிந்தாலும் நான் நகரவில்லை. பின்னால் நின்ற பெண்கள் என்னைத் திட்டினார்கள். கல்லூரி விட்டு வந்ததும் வலையோடு சுவரடியில் போய் நின்றேன். பெண் ஈக்களின் வால் ஊசியாக இருக்கும், ஆணின் வால் மழுங்கலாக, குறடு மாதிரி. எல்லாம் ஊசியாகவே கிடைத்தது.

“இன்னா வாத்யாரே, டெய்லி தொட்டிக்கு டூட்டி பாத்துகினு கீற?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“கிரேன் ஃபிளைன்னு ஒண்ணு. புது இனமா இருக்கலாம்.”

“கிரேனா? எங்க ஷாப்புல ரெண்டு கீது. ஒண்ணு ரிப்பேரு. வேணும்னா இட்டுகினு போய்டு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “கொசுவ புட்ச்சிகினு போய் இன்னா பண்ற? ஊட்ல தெரியுமா?”

வீட்டில் தெரியும். ஆனால் வீட்டுக்கு வேறு கவலை இருந்தது. ஷிப்டுக்குப் போகுமுன் இரண்டு மாடி ஏறிக் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவருகிறவள் அவள். நான் ஒரு குடம் தூக்கினால் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடிப்பேன்.

“அந்தத் தொட்டிய அடைச்சாத்தான் நமக்கு விடிவு,” என்பாள்.

“கொஞ்ச நாள் போகட்டும். அந்தச் சுவத்துல இருக்கிறது வேற எங்கயும் இல்ல.”

“வேற எங்கயும் இல்லைன்னா பரவாயில்லையே. நம்ம குழாயிலயும்தான் தண்ணி இல்ல.”

மழைக்கு முன்னால் ஒரு புழுக்கமான மாலையில் கிடைத்தது. குறடு வால். ஒரே ஒரு ஆண். பாட்டிலுக்குள் விட்டு, மூடியை இரண்டு முறை திருகினேன். வீட்டு மேசையிலேயே எல்லா வேலையும் செய்தேன். வாலைத் தனியே எடுத்து, பொட்டாஷ் காரக் கரைசலில் ஊறவைத்துச் சதையைக் கரைத்து, மிச்சமிருந்த எள்ளுக்குப் பாதி அளவான கூட்டை ஸ்லைடின் நடுவில் ஒரு சொட்டுப் பிசினில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடியால் மூடினேன். பிசின் காய வாரக்கணக்கில் ஆகும். காய்வதற்குள் தூக்கிக்கொண்டு ரயிலில் போனால் நகர்ந்துவிடும். படம் வரைந்துவைக்கலாம்தான். அதற்கான கருவி சக ஆசிரியர் ஒருவரிடம் இருந்தது. பூஜை விடுமுறை முடிந்து தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அவசரம் என்ன, வால்தான் நம் மேசையில் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

வாழ்க்கையில் நான் பயமில்லாமல் இருந்த நாட்கள் அவை. அதனால்தான் அந்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளைத்தாளோடு வந்தபோது உற்சாகமாக உட்கார்ந்தேன்.

“சங்கத்துல பேசிட்டோம். தொட்டி ஒயுவுறத பத்தி நல்ல இங்கிலீஷ்ல எய்திக் குடு வாத்யாரே. இதுக்கு முன்னாடி நாங்களா எய்தினதெல்லாம் அந்த ஆபீஸ்ல யாரும் படிக்கிறதே இல்ல.”

எழுதினேன். என் மனைவி தோளுக்கு மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஈயை விவரிப்பதற்காகக் கற்று வைத்திருந்த கலை முழுவதையும் அந்தத் தொட்டியின் மேல் இறக்கினேன். விரிசல் எந்தத் திசையில், எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது, ஓரம் எப்படி அரித்திருக்கிறது, ஈரம் எவ்வளவு அகலத்துக்குப் பரவியிருக்கிறது, பாசி என்ன நிறம், மேல்பக்கத்து விரிசலுக்கும் கீழ்பக்கத்து விரிசலுக்கும் என்ன வேறுபாடு. பக்கவாட்டுத் தோற்றம் ஒன்று படமும் போட்டுக் கொடுத்தேன். என்னிடம் ஆண் இருந்தது. இனி சுவர் எனக்கு எதற்கு?

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் குவார்ட்டர்ஸில் தீபாவளியைவிட ஆயுத பூஜைதான் பெரிது. தொழிற்சாலையில் மெஷினுக்கு மெஷின் வாழைக்கன்று கட்டுவார்கள். வீட்டில் கத்தரிக்கோல், அரிவாள்மணை, சைக்கிள், ரேடியோ, எது கைக்கு உதவுகிறதோ அதையெல்லாம் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். முந்தின நாள் மனைவி கேட்டாள்: “உங்க ஆயுதம் எதுன்னு எடுத்துக் குடுங்க. எல்லாத்தையும் நாளைக்குச் சுத்தம் பண்ணி வைக்கணும்.”

நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், பெரிய ஆளாட்டம் சொன்னேன். “மேசை மேல இருக்கிறது அத்தனையும் என் ஆயுதம்தான்.”

மறுநாள் கல்லூரியில் எங்கள் துறைப் பூஜை. நானே என் கையால் தவளை அறுக்கிற தட்டுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் சந்தனம் வைத்தேன். வைக்கும்போது ஒன்றுமே தோன்றவில்லை. பொரிப் பொட்டலத்தோடு சாயங்காலம் வீடு வந்தேன்.

கூடத்தில் சாமி படத்தின் கீழ் வாழையிலை போட்டு எல்லாம் பளபளவென்று இருந்தது. அவளுடைய கத்தரிக்கோல். என் இடுக்கி, ஊசிகள், லென்ஸ். கண்ணாடி ஸ்லைடுகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் மூன்று கோடு விபூதி, நடுவில் குங்குமம்.

“எப்படி இருக்கு?” என்றாள் அவள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு. “ஒரு கண்ணாடியில மட்டும் என்னமோ பிசின் அப்பிக்கிட்டுப் போக மாட்டேன்னுச்சு. மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சு எடுத்தேன்.”

நான் பொரிப் பொட்டலத்தைக் கீழே வைத்தேன். பிறகு நேராகச் சமையலறைக்குப் போய், மண்ணெண்ணெய்த் துணியை உதறி, லென்ஸை வைத்துக்கொண்டு இழை இழையாகப் பார்த்தேன். பாத்திரம் கழுவுகிற இடத்துச் சாக்கடைத் துவாரத்தில் டீ வடிகட்டியை விட்டுத் துழாவினேன். நெஞ்சு வலிக்கிறதென்றும் ஒருமுறை சொன்னேனாம்.

“என்ன தேடுறீங்க? சொன்னா நானும் பாப்பேன்ல.”

“வாலு.”

“எவ்வளவு பெரிசு?”

“எள்ளுல பாதி.”

“எதோட வாலு?”

“அந்த ஆண் ஈயோடது.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. என் பக்கத்தில் உட்கார்ந்து, சாக்கடையிலிருந்து எடுத்த கரியையும் தலைமுடியையும் ஒரு தட்டில் பரப்பி, விரலால் பிரித்துப் பார்க்கத் தொடங்கினாள். கடுகு கிடைத்தது. அவளுடைய ஒரு கம்மல் திருகாணி கிடைத்தது. பல நாளாகக் காணாமல் போயிருந்ததாம்.

மறுநாளிலிருந்து மறுபடி சுவர். மழை வேறு தொடங்கிவிட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு வலையை வீசுகிற ஆளைக் குவார்ட்டர்ஸ் முழுவதும் வேடிக்கை பார்த்தது. ஊசி வால், ஊசி வால், ஊசி வால். ஆண்கள் எல்லாம் எங்கே போய்த் தொலைந்தன என்று தெரியவில்லை. இருந்த ஒன்றைத்தான் நான் பிடித்துவிட்டேனோ என்றும் ஒரு பயம் வந்தது. பேராசிரியரின் கண் வேறு ஞாபகத்துக்கு வரும். ராத்திரியெல்லாம் நல்ல தூக்கம், பகலில்தான் இப்படி.

தீபாவளி முடிந்த கையோடு பக்கத்து வீட்டுக்காரர் படியேறி ஓடிவந்தார். முகமெல்லாம் பல்.

“மாமே, சேங்ஷன் ஆயிட்ச்சி! வாத்யாரே, நீ எய்தினத படிச்சிட்டு அந்த ஆபீசரு இன்னா சொன்னாருன்னு தெரியுமா? இத்தினி வருஷ சர்வீசுல இப்டி ஒரு லெட்டர நான் பாத்ததில்ல, நேர்ல வந்து பாக்கவே தேவையில்லனாராம். மழ நின்னதும் கொத்தனாரு வராரு.”

என் வாழ்க்கையில் நான் எழுதி, உரியவர்கள் படித்து, திருத்தமில்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரே விவரணை அதுதான்.

அன்று மாலை என் மனைவி என்னிடம் ஒன்றும் சொல்லாமல் பக்கத்து வீட்டுக்குப் போனாள். சுவர் மெல்லியது. எல்லாம் கேட்டது.

“அண்ணே, இந்த வேலையக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா? பொங்கல் கழிச்சு?”

“இன்னாமா சொல்ற நீ? நீதான முன்னாடி நின்ன?”

“அவரு ஒரு பூச்சி தேடுறாரு.”

“ஊட்டுக்கு ஊடு பூச்சிதான்மா கீது. இப்ப உட்டா அந்தக் காசு வேற எங்கியாவது பூடும். மேல் ஊட்டு கெய்வி குடத்தோட வய்க்கி உய்ந்தத நீ பாக்கலியா?”

“பாத்தேன்,” என்றாள்.

விடிந்ததும் அவள் வழக்கம்போல இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நானும் ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முதுகைப் பிடித்துக்கொள்ளவில்லை.

கொத்தனார்கள் வந்த காலையில் கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டுச் சுவரடியில் நின்றேன். இரும்புத் தகட்டால் பாசியைச் சுரண்டிச் சுரண்டிக் கீழே தள்ளினார்கள். ஈக்கள் எழுந்து, கொஞ்ச தூரம் தள்ளாடிப் பறந்து, பழக்கதோஷத்தில் அதே இடத்துக்கு வந்து, ஈரச் சிமென்டின் மேல் உட்கார்ந்தன. கால்கள் ஒட்டிக்கொண்டன. கால்களை விட்டுவிட்டுப் பறந்தன. நான் வலையை வீசிக்கொண்டேயிருந்தேன். “சார், ஓரமா நில்லுங்க, சாந்து படும்,” என்றார் ஒருவர். பட்டது. அன்று பிடித்தவை அத்தனையும் ஊசி வால்.

கடைசி முயற்சியாக, பூஜையில் வைத்த அதே ஸ்லைடை ஒரு காகிதத்தில் மடித்துக் கொரட்டூருக்கு எடுத்துப் போனேன். ஓரத்தில் எங்காவது ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று ஒரு நப்பாசை. நடந்ததைச் சொல்லாமல் கொடுத்தேன். பேராசிரியர் அதைத் தன் மைக்ராஸ்கோப்பில் வைத்து, கண்ணைச் சுருக்கி, திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒண்ணும் தெரியலையே,” என்றார். பிறகு, மெதுவாக, “என் கண்ணுதான் போயிடுச்சு போல,” என்றார்.

“இல்ல சார். உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஸ்லைடுலதான் ஒண்ணும் இல்ல.”

அவர் அதை எடுத்து முகர்ந்தார். “விபூதி வாசனை வருதே?”

சொன்னேன். ஆரம்பத்திலிருந்து, மண்ணெண்ணெய் வரை. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஸ்லைடைத் தன் வேட்டி நுனியால் ஒருமுறை துடைத்து, காகிதத்திலேயே மடித்து, திருப்பிக் கொடுத்தார். “பொண்ணு இருக்கில்ல, பத்திரமா வைங்க. பின்னாடி யாருக்காவது ஆண் கிடைச்சா உதவும்.”

பத்திரமாகத்தான் வைத்தேன். சில மழைக்காலங்களில் அம்பத்தூர் ஏரிப் பக்கம், கொரட்டூர் ஏரித் தண்ணீர் வழிகிற கலங்கல், கோவில் குளம், ஒழுகுகிற சுவர் கண்ட இடமெல்லாம் போய் நின்று பார்த்தேன். அந்த வெள்ளை வளையத்தை மறுபடி பார்க்கவில்லை. பேராசிரியர் இறந்துபோனார். கல்லூரியில் என்னை நிரந்தரமாக்கவில்லை. வேறு கல்லூரிக்குப் போனேன், அங்கும் வாயுறுப்புகள்தான். பெட்டியில் வைத்த பெண் ஈக்களை நாங்கள் வீடு மாறிய வருடம் எறும்பு தின்றுவிட்டது. குண்டூசிகள் இருக்கின்றன.

தொட்டி அதற்குப் பிறகு ஒழுகவில்லை. இரண்டாவது மாடிக்குத் தண்ணீர் ஏறியது. அந்த ஈக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.